தாமதிக்கத் தெரிந்த நிலம்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், மணிமங்கலம், படப்பை வட்டாரத்தில் குடியிருப்பவர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். கார்த்திகை மாதத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சித்திரை பிறந்தால் அதே வீட்டு போர்வெல் வெறும் காற்றை இறைக்கிறது. தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டுவிட்டுக் குடத்தோடு காத்திருக்கிறார்கள். இடையில் ஐந்தே மாதம். அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது?

மழை குறைவு என்று காரணம் சொல்ல முடியாது. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எப்போதும் தூறிக்கொண்டே இருப்பதாக நாம் நினைக்கும் லண்டனில் இதில் பாதிகூடப் பெய்வதில்லை.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை, ஒரே நாளில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாற்றங்கரை முழுக்கப் படகு ஓடியது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் எல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளமும் வறட்சியும் இரண்டு தனித்தனிச் சோதனைகள் என்றுதான் அப்போது பேசப்பட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதைப் பார்க்க, இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

மூன்று மாதச் சம்பளம்

இங்கே பெய்யும் மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்திலும் தினமும் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிக் கரையேறும் சில நாட்களில்தான் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. மூன்று மாதம் மட்டும் வரும் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்துவது போன்ற நிலைமை இது.

கைகொடுக்க வற்றாத ஆறும் இல்லை. அடையாறு மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது. மேலே பனிமலை கிடையாது, ஆண்டு முழுதும் சுரக்கும் ஊற்றும் கிடையாது. விழுந்த மழையை அதன் போக்கில் விட்டால் ஓரிரு நாளில் கடலுக்குப் போய்விடும்.

ஆகவே, ஓடும் தண்ணீரைத் தாமதப்படுத்தும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். நெடுங்காலமாக அதை மூன்று பேர் செய்துவந்தார்கள்: மண், வயல் வரப்பு, ஏரி. மழையின் அளவு பெரிதாக மாறாவிட்டாலும், இந்த மூவரின் வேலை போய்விட்டால் ஊரின் கதை தலைகீழாகிவிடும். எவ்வளவு தலைகீழாகும் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நூறு ஏக்கரில் பத்து சென்டிமீட்டர்

ஒரகடம் பக்கம் நூறு ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் தரிசு, முள் புதர், நடுவில் ஒரு குட்டை. ஒரு நாள் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. பருவமழைக் காலத்தில் இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். நினைவில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு. மொட்டைமாடியின் பரப்பு தெரிந்தால் யாரும் தங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் என்பது 100 மில்லிமீட்டர். ஓர் ஏக்கரில் விழுந்தது 4 லட்சம் லிட்டர். நூறு ஏக்கரில் 4 கோடி லிட்டர்.

இந்த 4 கோடியில் எவ்வளவு உடனே வெளியே ஓடும்? தரையில் தங்காமல் ஓடிவிடும் பங்கை வழிந்தோட்டம் என்று சொல்லலாம். பயிரும் புதரும் உள்ள தட்டையான நிலத்தில் வழிந்தோட்டம் சுமார் 30 விழுக்காடு என்று பொறியாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். வயல் மட்டுமாக இருந்தால் இதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். முக்கால் அடி வரப்பு 10 சென்டிமீட்டர் மழையை முழுவதுமாகவே உள்ளே நிறுத்திக்கொள்ளும். சராசரியாக 1 கோடியே 20 லட்சம் லிட்டர் ஓடுகிறது என்று வைப்போம். அதுவும் புல்லிலும் வேரிலும் தடுக்கித் தடுக்கி, மணிக்கணக்கில் மெல்ல ஓடும்.

இப்போது அதே நூறு ஏக்கரில் சவுடு மண் அடித்து மேடாக்கி, தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் தார்ச் சாலையும் போட்டாயிற்று. வழிந்தோட்டம் 90 விழுக்காடு ஆகிவிடும். 3 கோடியே 60 லட்சம் லிட்டர். நேரமும் சுருங்கிவிடும், கூரையில் விழுந்த துளி சில நிமிடங்களில் குழாய் வழியாக இறங்கி வாசலில் உள்ள கால்வாய்க்கு வந்துவிடுகிறது. மூன்று மடங்கு தண்ணீர், பல மடங்கு வேகம். கால்வாய் மட்டும் பழைய அகலத்தில் இருக்கிறது. பல இடங்களில் அந்த அகலமும் இல்லை.

இரண்டு நிலைக்கும் இடையிலான வித்தியாசம் 2 கோடியே 40 லட்சம் லிட்டர். முன்பு மண்ணுக்குள் இறங்கிய, வயலிலும் குட்டையிலும் நின்ற தண்ணீர் அது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியால் வகுத்தால் 2,000 லாரி வருகிறது. ஒரே ஒரு மழை நாளில், நூறு ஏக்கரில் மட்டும்.

நூறு ஏக்கர் என்பதும் இங்கே சிறிய அளவுதான். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012ல் டைம்லர். டைம்லர் வளாகம் மட்டும் 400 ஏக்கர். ஒவ்வொரு வளாகத்திலும் மரமும் புல்தரையும் திறந்த வெளியும் உண்டு, எல்லாமே கான்கிரீட் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆலையோடு கணக்கு நிற்பதில்லை. ஆலைக்குப் பின்னால் உதிரிபாகக் கம்பெனிகள், கிடங்குகள், கன்டெய்னர் லாரி நிறுத்தும் இடங்கள், தொழிலாளர் விடுதிகள், பிறகு மனைப்பிரிவுகள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இருபுறமும் இருபது ஆண்டில் மாறிய நிலத்தின் பெரும்பகுதி இந்தச் சில்லறைத் துண்டுகள்தான். நூறு ஏக்கர் ஆலையின் மழைநீரைப் பற்றிக் கேட்கவாவது ஓர் அலுவலகம் இருக்கிறது. இரண்டு ஏக்கர் கிடங்கின் மழைநீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஏரிக்குக் கீழே ஏரி

மண்ணும் வரப்பும் தாங்க முடியாததை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஆளான ஏரி இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரிகள் மாவட்டம் என்றே பெயர். பிரிக்கப்படுவதற்கு முந்தைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் 900க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன.

ஒவ்வொரு ஏரியும் தனித்தனி என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மேட்டில் உள்ள ஏரிக்கு வரத்துக்கால் வழியாக மழைநீர் வரும். நிறைந்ததும் கலங்கல் என்னும் கல் மேடையைத் தாண்டி வழியும். வழிந்தது போக்குக் கால்வாயில் இறங்கிக் கீழே உள்ள ஏரிக்கு வரத்தாகும். அது நிறைந்தால் அடுத்தது. கடைசி ஏரியும் நிறைந்த பிறகுதான் ஆற்றுக்குத் தண்ணீர். அடையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இப்படிச் சுமார் 200 ஏரிகள் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் அருமை அதன் நிதானத்தில் இருக்கிறது. பருவத்தின் முதல் மழைகள் மேல் ஏரிகளை நிரப்பும். ஆற்றில் தண்ணீர் வராது. அடுத்த மழைகள் கீழ் ஏரிகளை நிரப்பும். ஏரியின் அடியிலிருந்து சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு நீர் கசிந்துகொண்டே இருக்கும். தை, மாசியில் மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சும்போது, அந்தப் பாசனத்திலும் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும். ஐப்பசியில் விழுந்த துளி வைகாசி வரை ஊரைவிட்டுப் போகாது.

யாருடைய தண்ணீர்?

2015 வெள்ளம் என்றாலே பலருக்கும் செம்பரம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. லிட்டரில் சொன்னால் நொடிக்கு 8 லட்சத்துக்கும் மேல். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியதற்கு ஏரியை அப்படித் திறந்துவிட்டது பெரிய காரணம்.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தின் மதகுகளைப் பூட்டியே வைத்திருந்தாலும் இந்த ஊர்களுக்கு வெள்ளம் வந்திருக்கும். இவற்றுக்குள் புகுந்தது மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளும் வளாகங்களும் மனைகளும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்ட தண்ணீர்.

49 சென்டிமீட்டர் மழையை எந்தப் பழைய ஏற்பாடும் முழுதாகத் தாங்கியிருக்காது. நவம்பர் முழுவதும் பெய்து மண் நனைந்து, ஏரிகளும் நிறைந்திருந்தன. அப்படிப்பட்ட நாளில் வயல்கூட வழிந்தோடத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இல்லை. 2020லும் 2021லும் மழை அந்த அளவை எட்டாதபோதே இதே தெருக்களில் தண்ணீர் நின்றது. அடையாறு ஒரு காலத்தில் பரந்து ஓடிய தாழ்நிலத்தில் மனை போட்டாயிற்று. அந்தத் தாழ்நிலத்தின் ஓரமாக வெளிவட்டச் சாலை மேடாகப் போகிறது. தண்ணீர் தன் வழியில்தான் வருகிறது. அங்கே இப்போது வீடுகள் இருக்கின்றன.

ஆயக்கட்டு போனால் ஏரி போகும்

ஏரி அழிவது ஆக்கிரமிப்பால் என்பது பொதுவான எண்ணம். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நீர் நிற்கும் உள்வாயில் ஒரு செங்கல்கூட வைக்காமலே ஓர் ஏரி செத்துப்போக முடியும்.

ஏரியின் பாசனத்தில் விளையும் நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். ஆயக்கட்டு விவசாயிக்கு ஏரி சோறு. அதனால் கோடையில் கரையைப் பலப்படுத்துவார், வரத்துக்காலில் வளர்ந்த செடியை வெட்டுவார், வண்டலை வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவார். ஏரிக்குத் தூர் வாரியாயிற்று, வயலுக்கு எருவும் ஆயிற்று. ஊர் கூடிச் செய்யும் இந்த வேலைதான் குடிமராமத்து. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் ஊர்ச்சபையில் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களை அளந்த தாமஸ் பர்னார்டின் கணக்குகளில், விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டிருப்பது தெரிகிறது.

ஆயக்கட்டு மனைப்பிரிவாக மாறும் நாளில் இந்தக் கணக்கு முறிகிறது. மதகைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லை; திறந்தால் புதுத் தெருவுக்குள் தண்ணீர் வருகிறது என்று புகார் வரும். மதகு மூடியே கிடக்கும். பாசனத்தில் குறைய வேண்டிய நீர் குறையாததால் ஏரி சீக்கிரம் நிறைந்து கலங்கல் வழியத் தொடங்கும். முன்பு விவசாயிகள் இன்னும் கொஞ்சம் தேக்குவதற்காகக் கலங்கல் மேல் மண் மூட்டை அடுக்குவார்கள். அதற்காகக் கீழ் ஊரோடு சண்டைகூட நடக்கும். இப்போது ஏரியோரக் குடியிருப்புகளில் கோரிக்கை நேர் எதிராக இருக்கிறது: கரையை உடைத்தாவது தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றுங்கள். வெள்ளத்தில் குழந்தைகளோடு மாடியில் உட்கார்ந்திருப்பவர்களின் அந்தக் கோரிக்கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சேமிக்கக் கட்டிய ஒன்று, காலி செய்யப்பட வேண்டிய ஒன்றாக ஊரின் மனதில் மாறிவிட்டது. ஏரிக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

வற்றாத ஏரியின் நோய்

இன்னொரு மாற்றம் கண்ணுக்கு நல்லதாகவே தெரியும். கோடையிலும் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. மேலே பச்சைப் பசேலென்று ஆகாயத்தாமரை. எவ்வளவு குளுமை!

தமிழ்நாட்டு ஏரி ஆண்டுதோறும் வற்றுவதற்கென்றே அமைந்த ஏரி. அதில் வாழும் உயிர்களும் அந்தத் தாளத்துக்குப் பழகியவை. விரால் நேரடியாகக் காற்றை மூச்சிழுக்கும்; கடைசிச் சேற்றுக் குட்டையிலும் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இறங்க இறங்கச் சேறு வெளியே வரும். அதில் புழு பொறுக்க உள்ளானும் கொக்கும் நாரையும் இறங்கும். காய்ந்த தரையில் புல் முளைக்கும், மாடு மேயும், சாணம் விழும். வெயிலில் வெடித்த வண்டல் காற்றுப்பட்டு மட்கும். அடுத்த மழையில் அத்தனையும் கரைந்து புது உயிர்களுக்கு உணவாகும்.

வீட்டுக் கழிவுநீர் ஆண்டு முழுதும் வந்துகொண்டே இருந்தால் இந்தச் சுழற்சி நின்றுபோகும். கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நீர்ப்பரப்பை மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது. கீழே பாசி சாகும். செத்த இலைகள் மட்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாட்டுக் கெண்டைகள் மறைந்து, எதையும் தாங்கும் ஜிலேபி மீன் மிஞ்சும். கரையோரச் சேறு வெளிப்படாததால் நீர்க்கரைப் பறவைகளுக்கு இரை தேட இடமில்லை. அடியில் சேரும் கரிய கசடு, நீர் கீழே இறங்கும் துளைகளையும் அடைக்கிறது. மேலே நிறையத் தண்ணீர், பக்கத்துக் கிணற்றில் குறைவு. இருப்பதும் குடிக்க உதவாது.

லாரி எங்கே நிரப்புகிறது?

நிலத்துக்குள் இருக்கும் சேமிப்பும் இங்கே பெரிதல்ல. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அடியில் களிமண்ணும் களிப்பாறையும் உண்டு. பத்து கோடி ஆண்டுக்கும் முந்தைய இலைகளின் அச்சுகள் அந்தப் பாறையில் கிடைக்கின்றன. அழகான பாறை, ஆனால் தண்ணீரை எளிதில் விடாது. கிழக்கே பல்லாவரம், வண்டலூர்ப் பக்கம் சார்னோகைட் என்னும் கடினப்பாறை. நீர் தங்குவது அதன் மேலே நொறுங்கிக் கிடக்கும் அடுக்கிலும் விரிசல்களிலும் மட்டுமே.

இத்தகைய நிலத்தடி ஒரு பருவத்தில் நிறையும், ஒரு கோடையில் வற்றும். ஆண்டுதோறும் மேலிருந்து நீர் இறங்க வேண்டும். கூரைக்கும் தாருக்கும் கீழே அது இறங்காது. தண்ணீர் லாரிகள் நிரப்புவது பெரும்பாலும் புறநகரில் மிச்சமிருக்கும் விவசாயக் கிணறுகளில். நெல் விளைவிப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றாகும்போது அந்த வயலும் தரிசாகிறது. அடுத்த மனைப்பிரிவின் பலகை அங்கேதான் முளைக்கும். நூறு ஏக்கர் கணக்கில் ஓடிப்போன 2,000 லாரித் தண்ணீரை, இன்னொரு கிராமத்தின் நிலத்தடியிலிருந்து காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

இரண்டு ஏக்கர்

எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் நியாயமாகாது. 2003ல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்னோடியான முடிவு. குடிமராமத்துத் திட்டம் 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரிக்கரையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. படப்பைக்கு அருகே ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து, அடையாற்றின் கிளையில் ஒரு நீர்த்தேக்கம் அமைக்கும் பணி எடுக்கப்பட்டது. 2019 நவம்பரில் கோயம்பேட்டில் திறக்கப்பட்ட நிலையம், சென்னையின் கழிவுநீரை நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் வரை நுண்சவ்வு வழியாகத் தூய்மைப்படுத்தி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. இவற்றில் மிகச் சிறந்தது இதுவே. ஆலை குடிக்காத ஒவ்வொரு லிட்டர் நல்ல தண்ணீரும் ஏரியிலோ கிணற்றிலோ மிஞ்சுகிறது.

ஆனால் அந்த நிலையம் ஒரு நாளில் தருவது, நமது நூறு ஏக்கரில் ஒரு நாள் மழையாக விழும் 4 கோடி லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. விழுந்த இடத்திலேயே அதை நிறுத்த என்ன வேண்டும் என்பதையும் கணக்குப் போடலாம். கூடுதலாக ஓடும் 2 கோடியே 40 லட்சம் லிட்டர் என்பது 24,000 கன மீட்டர். 3 மீட்டர் ஆழத்தில் குளம் வெட்டினால் 8,000 சதுர மீட்டர் பரப்பு போதும். அது இரண்டு ஏக்கர். நூற்றில் இரண்டு. அடுத்த மழைக்குள் குளம் ஓரளவு காலியாக வேண்டும் என்பதால், ஆலையே அந்த நீரைப் பயன்படுத்த வேண்டும். களிமண்ணைத் துளைத்து நீரைக் கீழே இறக்கும் கிணறுகளும் வேண்டும். பொறியியலுக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை. இரண்டு ஏக்கரை விட்டுக்கொடுக்கும் மனம்தான் கிடைப்பதில்லை, அதைக் கேட்டு வாங்கும் உறுதியும்தான்.

நிலத்தின் இந்த மாற்றம் இப்போது மேற்கே நகர்கிறது. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. நிலம் 5,000 ஏக்கருக்கும் மேல். வயலும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலிருந்தே போராடிவருகிறார்கள். பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கும் அங்கிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது. விமான நிலையத்தில் புல்தரை நிறைய இருக்கும், முழுவதும் கான்கிரீட் ஆகாது. ஆனாலும் 5,000 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் 200 கோடி லிட்டர். அதில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு ஓடும், ஓடுவது எந்த வரத்துக்கால் வழியே எந்த ஏரிக்குப் போகும், அந்த ஏரியின் கலங்கல் அதைத் தாங்குமா என்ற நான்கு கேள்விகளுக்கும் எண்ணில் பதில் எழுதி, முதல் லாரி சவுடு மண் இறங்குவதற்கு முன்பே கீழே உள்ள ஒவ்வோர் ஊராட்சியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும்.